கொழுந்தன் தராத விடுதலை

எர்லன்ரீட் பிரபுவின் கச்சேரியில் யூதர்களான எங்களைப் பற்றிய காகிதங்களுக்கென்றே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யார் குடியேறினார்கள், யார் செத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மாட்டை ஓட்டிப்போய் யார் அபராதம் கட்டினார்கள், எல்லாம் அதற்குள் கிடக்கும். என் மருமகன் ஏதோ வேலையாகக் கச்சேரிக்குப் போனபோது எழுத்தர் பழைய கட்டு ஒன்றைப் பிரித்து அவனுக்கு வாசித்துக் காட்டினாராம். பிரைன்லேயைப் பற்றி அதில் மூன்று வரிகள்தான். சாண்டரின் விதவை தன் காப்புச் சீட்டைக் கொழுந்தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். மேற்படி விதவை கொழுந்தன்மேல் புகார் கொடுத்துப் பிறகு வாபஸ் வாங்கினாள். மேற்படி விதவை ஊரைவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். அவள் பெயர்கூட இல்லை. இதைப் படிக்கிறவன் யாரோ நிலையில்லாத பெண்பிள்ளை என்றுதான் நினைப்பான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

பிரைன்லே கல்யாணமாகி வந்தபோது பதினேழு வயது. மாமியார் இல்லாத வீடு. மாட்டு வியாபாரம் செய்த சாண்டர் நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான். வீட்டில் அவன் தம்பி ஆன்ஷெல் இருந்தான், நாலு வயதுக் குழந்தை. வந்த அன்றே அவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான் என்றுதான் சொல்லவேண்டும். அம்மை கண்டபோது பிரைன்லே அவன் கைகளைத் துணியால் கட்டி, முகத்தைச் சொறியவிடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். அவன் முகத்தில் இன்றைக்கும் ஒரு வடு கிடையாது. அவளுக்கு என்று ஒரு குழந்தை பிறக்கவில்லை. "எனக்கெதுக்குக் குழந்தை, வளத்து ஆளாக்கின ஒண்ணு இருக்கே" என்று சிரிப்பாள். ஓய்வுநாள் ரொட்டியில் மேல்பக்கம் பின்னி வைக்கிற நடுத்துண்டு எப்போதும் அவனுக்குத்தான்.

ஒரு பனிக்காலத்தில் சாண்டர் சந்தையிலிருந்து நெஞ்சுச்சளியோடு வந்து படுத்தான். எழுந்திருக்கவில்லை. அப்போது பிரைன்லேக்கு முப்பத்தேழு வயது.

பிள்ளையில்லாமல் ஒருவன் செத்தால் அவன் மனைவி அவன் சகோதரனுக்குக் கட்டுப்பட்டவள் என்பது எங்கள் வேதம். இந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. கொழுந்தன் எங்கள் மதகுருவான ரப்பியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவள் குனிந்து அவன் வலது கால் செருப்பைக் கழற்றி எறிய வேண்டும். அதோடு அவளுக்கு விடுதலை. ஆனால் அவன் காலை நீட்டினால்தான் உண்டு. நீட்டமாட்டேன் என்றால் சாகும்வரை அவள் யாரையும் கட்டிக்கொள்ள முடியாது.

எந்தப் பெண்ணுக்கும் கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் சகோதரர்கள் இதற்கு எழுத்து கொடுத்துவிடுவார்கள். பிரைன்லே கல்யாணத்தில் சகோதரன் என்று இருந்தது நாலு வயதுப் பையன். அவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்? பிற்பாடு அதைப் பற்றி யாருக்கும் நினைப்பே வரவில்லை.

இன்னொரு பக்கம், ஆன்ஷெலுக்கு அவளிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. பிரபு எங்களுக்குப் பத்துக் குடும்பம் என்று எல்லை வைத்திருந்தார். காப்புச் சீட்டு உள்ளவன்தான் இங்கே குடியிருக்கலாம், கல்யாணம் செய்யலாம். சாண்டரின் சீட்டு விதவைக்கு வந்துவிட்டது. ஆன்ஷெலுக்கு இருபத்துநாலு வயது. பூக்கன்ஹைமில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். சீட்டு இல்லாமல் அவளைக் கொண்டுவர முடியாது.

பிரைன்லேயை மித்தல்பாக்கிலிருந்து கும்பெல் என்பவர் கேட்டிருந்தார். மனைவி இறந்து மூன்று குழந்தைகளோடு இருந்தவர். அவரும் மாட்டு வியாபாரிதான். ஒருமுறை ஜெபவீட்டு வாசலில் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிரைன்லே என்னிடம், "செர்லே, அந்த மனுஷன் என்னைப் பாத்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'கால் நனைஞ்சிருச்சே, உள்ள வந்து காயவைங்க'ன்னு. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லடி" என்றாள்.

எனவே பேச்சு சுலபமாக முடிந்தது. எங்கள் சமூகத் தலைவர் சுஸ்மான் அவள் அடுப்படி மேசையில் வந்து உட்கார்ந்தார். இஞ்சி ரொட்டி சுட்டிருந்ததால் நானும் உதவிக்குப் போயிருந்தேன்.

"அண்ணி, கச்சேரி அடுத்த வாரம் கூடுது. ரப்பி கூடாரப் பண்டிகை முடிஞ்சுதான் நம்ம பக்கம் வருவாரு" என்றான் ஆன்ஷெல். "முதல்ல சீட்ட மாத்திருவோம். ரப்பி வந்த அன்னைக்கே நான் காலை நீட்டறேன். நீங்க எங்க வேணா கழட்டி எறிங்க, அடுப்புலகூட எறிங்க."

பிரைன்லே சிரித்தாள். "அது ரப்பி கொண்டுவர்ற செருப்புடா. எரிச்சா அந்த மனுஷன் என்னை எரிச்சிருவாரு."

"சுஸ்மான் மாமா சாட்சி. போதுமா?"

சுஸ்மான் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினார். "போதும், போதும். வீட்டுக்குள்ள என்னத்துக்குக் காகிதம்? நீ வளத்த பிள்ளை."

அடுத்த வாரம் அவள் கச்சேரிக்குப் போனாள். காரியஸ்தர், "யோசிச்சுத்தான் செய்யறியா? சீட்டு கைமாறிட்டா நீ இங்க வெறும் விருந்தாளி" என்றாராம். அந்த மனிதருக்கு எங்கள்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அவளை எச்சரித்தது அவர் ஒருவர்தான். "என் கொழுந்தன் வீட்டுல நான் விருந்தாளியா, ஐயா?" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

கூடாரப் பண்டிகை முடிந்தது. ரப்பி வந்தார். சாட்சிகள் வந்தார்கள். சடங்கு முடியும்வரை சாப்பிடக்கூடாதென்று பிரைன்லே காலையிலிருந்து பட்டினி. கும்பெல் ஓய்வுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய கெண்டை மீன் ஒன்றோடு என் வீட்டில் வந்து காத்திருந்தார். ஆன்ஷெலை மட்டும் காணவில்லை. தூரத்துச் சந்தைக்கு மாடு பார்க்கப் போய்விட்டான் என்று கூலிக்காரன் வந்து சொன்னான்.

"வியாபாரம்னா அப்படித்தான், சில நாள் தட்டிப்போகும்" என்றாள் பிரைன்லே. கும்பெல் மீனை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். ரப்பி மறுநாள் கிளம்பிவிட்டார். இனி வசந்தத்தில்தான் வருவார்.

ஆன்ஷெல் திரும்பி வந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது. அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன அவசரம் அண்ணி?"

"அவசரமா? நீதான்டா நாள் சொன்ன."

"சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க போயிட்டா இந்த வீட்ட யார் பாப்பா? வர்ற பொண்ணு சின்னப் பொண்ணு. கறிக்கு உப்புப் போடத் தெரியாது. எந்த விவசாயி எப்படிப்பட்டவன்னு தெரியாது. எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

"சொல்லிக் கொடுக்கறேன். மித்தல்பாக் ஒரு மணி நேர நடைதானே."

"அங்கதான் அண்ணி விஷயமே இருக்கு. நீங்க கும்பெல் வீட்டுக்குப் போனா, அண்ணன்கிட்ட மாடு கொடுத்தவன் எல்லாம் உங்க முகத்தப் பாத்து அவன்கிட்ட போயிருவான். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?" நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "இங்கயே இருங்க. மாடி அறை உங்களுக்குத்தான். உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?" என்றான்.

பிரைன்லே என் வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அவன் என்னை வேண்டாம்னு தள்ளலடி. வேணும்ங்கறான். ஏரு மாடு மாதிரி வேணும்ங்கறான்" என்றாள்.

அவள் சுஸ்மானிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆன்ஷெலுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டாருக்கும் சுஸ்மானின் மனைவிக்கும் உறவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சீட்டப் பத்திப் பேசினீங்க, அது கேட்டேன்" என்றார். "செருப்பப் பத்தி ஏதோ சிரிச்சுப் பேசினீங்க. அது விளையாட்டுன்னு நினைச்சேன். வாக்குக் கொடுத்த மாதிரி என் காதுல விழலை."

"உங்க பேரச் சொல்லித்தானே சாட்சின்னான்? நீங்க தலையாட்டினீங்களே?"

"ரொட்டி நல்லா இருந்துச்சு, தலையாட்டினேன்."

நான் குறுக்கிட்டு, "நானும் அங்கதான் இருந்தேன், எனக்குக் கேட்டுச்சு" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண் சாட்சி செல்லாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கும்பெல் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பொறுத்தார். வசந்தத்தில் ரப்பி வந்தபோது ஆன்ஷெல் கால் சுளுக்கு என்று படுத்துவிட்டான். அதன் பிறகு ஒருநாள் கும்பெல் வந்தார். வெளியே நின்றபடியே பேசினார்.

"பிரைன்லே, என் சின்னது இன்னும் பேசப் பழகல. வீட்டுல பொம்பளைக் குரலே இல்லாம இருக்கு. நான் காத்திருப்பேன். பிள்ளைங்களால காத்திருக்க முடியல."

"போய்க் கட்டிக்கோங்க" என்றாள். "நல்லவளாப் பாத்து."

அவர் போன பிறகு அவள் அன்றைக்கே கச்சேரிக்கு நடந்தாள். தன்னை ஏமாற்றிச் சீட்டை வாங்கிக்கொண்டான் என்று கொழுந்தன்மேல் புகார் கொடுத்தாள். காரியஸ்தர் ஆன்ஷெலைக் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் அவளை விடுவிக்காவிட்டால் அபராதம், பிறகு சீட்டு ரத்து என்று உத்தரவு போட்டார்.

அவளுக்கு வெற்றி என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் தெரு வேறு மாதிரி நினைத்தது. உள்வீட்டு விஷயத்தைப் பிரபுவின் கச்சேரிக்குக் கொண்டுபோனவளைக் காட்டிக்கொடுப்பவள் என்பார்கள். எங்களிடையே அதைவிடக் கேவலமான வசை கிடையாது. அடுத்த ஓய்வுநாள் ஜெபவீட்டில் அவள் உட்கார்ந்த பலகையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மட்டும் அவள் பக்கத்தில் இருந்தேன். வாசலில் சுஸ்மான் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னைக்குக் கொழுந்தன், நாளைக்கு யாரோ? எல்லாரும் கதவச் சாத்தி வைங்கப்பா" என்றார். ஆன்ஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என் அண்ணியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். அவனை எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள்.

அதற்குமேல் ரப்பியிடமிருந்து ஆள் வந்தது. வேற்று மதத்தாரின் கச்சேரி வற்புறுத்தி வாங்கித்தரும் விடுதலை விடுதலை ஆகாதாம். அவன் மனமுவந்து வந்து நிற்க வேண்டுமாம். அபராதத்துக்குப் பயந்து காலை நீட்டினால் சடங்கு செல்லாதாம். அப்படியானால் அவள் போட்ட புகார் அவள் கதவையே அடைத்துவிட்டது. இதை ஆன்ஷெல் எங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தான். அதனால்தான் அவன் முகத்தில் கலக்கமே இல்லை.

சில நாள் பிரைன்லே படுத்தே கிடந்தாள். பிறகு ஒரு காலையில் என் கதவைத் தட்டினாள். "பூக்கன்ஹைம் வர்றியா?" என்றாள்.

பெண்ணின் தாய் யெண்ட்லே முற்றத்தில் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொன்னாள், ஆளுக்கு ஒரு வாத்தை மடியில் கொடுத்தாள். பெண் கிட்டல் கதவோரம் நின்றாள். பிரைன்லே இறகைப் பிடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"எங்களுக்கு வேற மாதிரி சொன்னாங்களே" என்றாள் யெண்ட்லே. "நீங்க போகமாட்டேன்னு சொல்றீங்கன்னு. கொழுந்தன விட்டுப் பிரியமாட்டேன்னு அழறீங்கன்னு."

"நானா அழறேன்?"

"அழற முகம் மாதிரி தெரியலதான்."

கதவோரத்திலிருந்து கிட்டல் பேசினாள். "அம்மா, அவருக்கு வேற தம்பியோ அண்ணனோ யாராவது இருக்காங்களா?"

"இல்ல. ஏன்டி?"

"இருந்திருந்தா, நாளைக்கு எனக்கும் இதே கதிதான்னு சொல்ல வந்தேன்."

யெண்ட்லே வாத்தைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த இறகுகளைத் தட்டிவிட்டாள். "நீங்க கச்சேரியில போய்ப் புகார வாபஸ் வாங்குங்க" என்றாள். "அப்பத்தான் அவன் தானா வந்து நின்னான்னு ஆகும். அவன் நிப்பான். நிக்காதவரைக்கும் இங்க பந்தல் போடமாட்டோம். எங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட நான் பேசறேன்."

திரும்பும் வழியில் நான், "மறுபடியும் வெறும் வார்த்தைய நம்பி முதல்ல கையில இருக்கறத விடப் போறியா?" என்று கேட்டேன்.

"வேற என்னடி இருக்கு எங்கிட்ட?" என்றாள்.

பிரைன்லே புகாரை வாபஸ் வாங்கினாள். யெண்ட்லேயும் சொன்னதைச் செய்தாள். இலையுதிர் காலத்தில் ரப்பி வந்தபோது ஆன்ஷெல் ஜெபவீட்டில் தானாக வந்து நின்றான். மூன்று நீதிபதிகள், இரண்டு சாட்சிகள். பெண்கள் பக்கத்து மரச்சட்டத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். கால் கழுவி, வெறுங்காலில் அந்தத் தோல் செருப்பை மாட்டி வார்களைக் கட்டினார்கள். அவனைப் பலகைமேல் காலை அழுத்தி நிற்கச் சொன்னார்கள். பிரைன்லே குனிந்து வலது கையால் மட்டும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சு இளகவில்லை. அவன் அவள் தலைக்குமேல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "இடப்பக்க வார இழுங்க அண்ணி, சுலபமா வரும்" என்றான். சின்ன வயதில் கஞ்சி கேட்கிற அதே குரல். அவள் அப்படியே நின்றுவிட்டாள். ரப்பி இருமினார். அவள் வாரை இழுத்துச் செருப்பைக் கழற்றி எறிந்தாள். சட்டப்படி அவன் முன்னால் தரையில் துப்ப வேண்டும். வாய் உலர்ந்து எச்சில் வரவில்லை. இரண்டு தடவை முயன்று துப்பினாள். 'தன் சகோதரனின் வீட்டைக் கட்டாத மனிதனுக்கு இப்படியே செய்யப்படும்' என்று ரப்பி சொல்லிக்கொடுத்த புனித மொழியில் சொன்னாள். எல்லோரும் "செருப்பு கழற்றப்பட்டவன்" என்று மூன்று முறை சொன்னார்கள். ஆன்ஷெல் அழுதான். அன்றைக்கு அவன் அழுதது நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கும்பெல் அதற்குள் கல்யாணம் செய்திருந்தார். ஆன்ஷெலின் கல்யாணமும் அந்த மாதமே நடந்தது. யெண்ட்லே வந்து பிரைன்லேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பழசெல்லாம் முடிஞ்சுது. மாடி அறையில இருங்க. என் பொண்ணுக்குக் கறிக்கு உப்புப் போடச் சொல்லிக் கொடுங்க" என்றாள். பிரைன்லே கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் கூடவந்து நின்னீங்களா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணப் பெத்தவ."

சீட்டு இல்லாதவள் யாராவது ஒருவர் வீட்டின் ஆள் என்ற பெயரில்தான் இங்கே இருக்க முடியும். எங்கள் வீட்டில் இருக்கச் சொன்னேன். என் கணவர் கச்சேரியில் கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. ஒரு துணிமூட்டையும் சாண்டரின் ஜெபப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து நாட்டின் பட்டணத்துக்குப் போனாள். அங்கே வழிப்போக்கர்களும் நோயாளிகளும் தங்குகிற தர்மவீட்டில் சமையல் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேர் கேட்டார்களாம். விடுதலைப் பத்திரம் மூட்டையிலேயே கிடந்தது.

நான் அவளை ஒரு முறைதான் போய்ப் பார்த்தேன். கிட்டலுக்கு ஆண் குழந்தை பிறந்து, சாண்டர் என்று பெயர் வைக்கப் போகிறார்கள், விருத்தசேதனத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி வர அண்ணிதான் வேண்டும் என்று ஆன்ஷெல் ஆள் அனுப்பியிருந்தான். நான் போனபோது அந்த ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வயிறு நிறையப் போட்டு, வரமுடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

"போயிருக்கலாமே" என்றேன். "உன் புருஷன் பேரு."

"அண்ணன் பேர அவன் வெக்கறான், வெச்சுக்கட்டும். ஏந்தினா விடமுடியாது செர்லே, எனக்கு என்னைத் தெரியும்." அவரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "அவன் பண்ணினது ஒருமாதிரி எனக்குப் புரியுது. சின்னப் பிள்ளையிலேர்ந்து நான் அவன் கேட்டதெல்லாம் குடுத்தேன். குடுக்கறவ குடுத்துக்கிட்டே இருப்பான்னு நினைச்சுட்டான். அந்தக் கும்பெல் பண்ணினதும் புரியுது, பிள்ளைங்க இருக்கு, பாவம். ஆனா சுஸ்மான், என் அடுப்படியில உக்காந்து, என் ரொட்டியத் தின்னுட்டு, காதுல விழலைன்னாரே. அவருக்கு எதுவும் வேண்டியிருக்கல. பெண்டாட்டி பக்கத்து உறவுக்காரங்க கோவிச்சுக்குவாங்களேன்னு. அவ்வளவுக்குத்தான்."

அடுத்த குளிர்காலத்தில் தர்மவீட்டில் பரவிய காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஊர் ஊராய் நூல் விற்கிறவன் வந்து சொன்னான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அண்ணிக்காகத் துக்கம் காக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் ஆன்ஷெலுக்கு இல்லை. ஆனாலும் அவன் வியாபாரத்தை நிறுத்தி, சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். துக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு முதல் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அவித்த முட்டையும் ரொட்டியும். பக்கத்து வீடு என்னுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. முட்டைகள் கூடையில் இருந்தன. மத்தியானத்துக்குமேல் சுஸ்மானின் மனைவி துணி மூடிய தட்டோடு தெருவில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் போகவில்லை.